கோழி கூவினால் கூப்பிடுங்கள்

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் சிக்னல் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை, நிலவரத்தைச் சொல்கிறேன். தெமோதரையிலிருந்து ஊசிமலைத் தோட்டத்துக்கு ஏறும் பாதையில் மூன்றாவது வளைவு வரைக்கும் போன் போனாக இருக்கும். அதற்கு மேல் அது டோர்ச் லைட். அப்படிப்பட்ட லயத்தில் உட்கார்ந்துகொண்டு, பதுளை டவுனில் இருக்கிறவர்களுக்கு வரும் அதே நிமிஷத்தில் எனக்கும் செய்தி வரவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். ஆசைப்பட்டதோடு நிற்கவில்லை, வரவழைத்தும் காட்டினேன்.

நான் யசோதினி. தையல் வேலை செய்கிறேன். கீழ் லயத்துக் கடைசி வீட்டில், ஜன்னலோரம் என் மெஷின். இந்தத் தோட்டத்துப் பிள்ளைகள் போட்டுக்கொண்டு போகும் வெள்ளைச் சட்டைகளில் பாதிக்கு மேல் நான் தைத்தவை. அம்மா மாரியாயி மலையில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இரண்டு பேருக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பையின் வார் அறுந்துபோய் ஒரு ஒல்லாந்துத் தம்பதி என் வாசலில் வந்து நின்றார்கள். தைத்துக் கொடுத்தேன். பதிலுக்கு அவர்கள் எனக்கு ஒரு விளையாட்டைக் காட்டிக் கொடுத்தார்கள். ஜியோகேஷிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்னப் பெட்டியை எங்கேயாவது ஒளித்து வைத்து, அது இருக்கும் இடத்தை இணையத்தில் போடுவார்; நடத்துகிறவர்கள் சரிபார்த்துச் சில நாளில் வெளியிடுவார்கள். மற்றவர்கள் போனில் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே போய்த் தேட வேண்டும். கிடைத்தால் உள்ளே இருக்கும் குட்டிப் புத்தகத்தில் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். உள்ளே தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆனால் ஒரு புதுப் பெட்டி வெளியானதும் அதை முதலில் கண்டுபிடிக்கிறவரின் பெயர்தான் புத்தகத்தின் முதல் வரியில் ஏறும். அந்த ஒரு வரிக்காகச் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து ஓடுகிற ஆட்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். நானும் அதில் ஒருத்தி ஆனேன்.

எல்லயில் தேடினேன், பண்டாரவளையில் தேடினேன், பசறைப் பக்கம் பஸ் ஏறிப் போய்த் தேடினேன். பத்தொன்பது பெட்டி கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றையும் திறந்து புத்தகத்தை விரித்தால் முதல் வரியில் ஒரே கையெழுத்து. "தாஸிம், பதுளை." பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம் வேறு.

தாஸிம் நானா பதுளையில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கிறார்; மூத்த முஸ்லிம் ஆண்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். மெஷினுக்கு எண்ணெய் வாங்கப் போனால் எண்ணெயையும் கொடுத்து, நேற்று எந்தப் பெட்டியை எத்தனை நிமிஷத்தில் எடுத்தார் என்பதையும் சொல்லித்தான் அனுப்புவார். நல்ல மனிதர், கோபமே வராது. அதனாலேயே எனக்கு அவர்மேல் கோபம் வரும். அவர் சந்தா கட்டுகிறவர். புதுப் பெட்டி வெளியான அந்த நிமிஷமே அவர் போன் சத்தம் போட்டுச் சொல்லிவிடும். சும்மா விளையாடுகிற என்னைப் போன்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு தரம் மெயில் வரும். அதற்குள் தாஸிம் நானாவின் மை காய்ந்தே போயிருக்கும்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தேன். பொறுக்க முடியாமல் போனது ஒரு படத்தால்.

எங்கள் தோட்டத்திலேயே, ஒன்பதாம் நம்பர் மலைப் பாலத்தடியில் ஒரு பழைய பெட்டி உண்டு. அதன் இணையப் பக்கத்தில் வந்துபோனவர்கள் போட்ட படங்கள் அறுபதுக்கு மேல் இருந்தன. ஒரு நாள் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நாற்பத்து மூன்றாவது படத்தில் என் அம்மா. தலையில் கொழுந்துச் சாக்கு, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள். கீழே ஆங்கிலத்தில், "பெயர் தெரியாத கொழுந்து பறிக்கும் பெண்" என்று எழுதியிருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். "அட, அந்த மஞ்ச சேல. நல்லாத்தானே எடுத்திருக்கான்," என்றாள். அவளுக்குக் கோபமே வரவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் கோபப்பட்டேன். பெயர் தெரியாதாம். பக்கத்தில் நின்று படம் எடுக்கத் தெரிந்தவனுக்கு வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கத் தெரியாமல் போய்விட்டது. எங்கள் மலையில் யாரோ வந்து ஒளித்து வைப்பார்கள், யாரோ வந்து கண்டுபிடிப்பார்கள், நாங்கள் நடுவில் தேயிலைச் செடி மாதிரி நிற்க வேண்டும். நன்றாக இருக்கிறது கதை. இந்தத் தோட்டத்தில் அடுத்த பெட்டி வரட்டும், அதன் முதல் வரியில் என் பெயர் இருக்கும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். சபதம் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அதை மறக்கவில்லை.

ஒல்லாந்து அம்மாவுக்கு இதை எழுதினேன். அவர் என் பிறந்தநாள் பரிசாக மூன்று மாதச் சந்தாவை அனுப்பிவிட்டார். உடனே சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்து போனில் கட்டளை போட்டேன். என் வீட்டைச் சுற்றி இருபது கிலோமீட்டருக்குள் புதிதாக எது வெளியானாலும் அந்த நிமிஷமே சொல்ல வேண்டும். போன் சரி என்றது. நானும் சந்தோஷமாக அதை மெஷின் பக்கத்தில் வைத்துக்கொண்டு தைக்க ஆரம்பித்தேன்.

சிக்னல் இல்லாத லயத்தில் உடனடிச் செய்தி எப்படி வரும்? வானத்திலேயே நின்றுகொண்டிருக்கும். சாயந்தரம் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால் காலையில் வந்த செய்தி அப்போது இறங்கும். முதல் மாதத்தில் அப்படி இரண்டு பெட்டிகளை விட்டேன். இரண்டிலும் சிரிப்பு முகம்.

யோசித்துப் பார்த்தேன். எனக்குச் சிக்னல் இல்லை. ஆனால் அம்மாவுக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் நம்பர் மலையும் பதினைந்தாம் நம்பர் மலையும் பதுளையைப் பார்த்த மலைகள். அங்கே நின்றால் போனில் நாலு கோடும் நிற்கும். ஆகவே போன் மலைக்குப் போகட்டும், நான் வீட்டில் இருக்கிறேன் என்று முடிவெடுத்தேன். தினமும் காலையில் பெரட்டுக்களத்தில் ஆட்களைப் பிரித்து அனுப்பும் வீரய்யா கங்காணியிடம் இன்றைக்கு எந்த மலை என்று கேட்பேன். பன்னிரண்டு அல்லது பதினைந்து என்றால் போனைப் பொலித்தீன் பையில் போட்டு அம்மாவின் இடுப்பில் கட்டி விடுவேன். சத்தம் கேட்டதும் அம்மாவின் நிறையில், அதே செடி வரிசையில், நிற்கும் ஜீவராணி அக்கா குரல் கொடுக்க வேண்டும். ஜீவராணி அக்கா ஒரு மலையில் நின்று கூப்பிட்டால் அடுத்த மலையில் இருக்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் இருக்கிறவர்கள் வாங்கி லயத்துக்குக் கூப்பிடுவார்கள். இரண்டு குரல், இரண்டு நிமிஷம்.

முதல் நாளே குரல் வந்தது. பாதி வெட்டிய ரவிக்கைத் துணியைப் போட்டுவிட்டு இருபது நிமிஷம் மூச்சு வாங்க ஏறினேன். போனைப் பார்த்தால், ரீலோட் செய்தால் இரண்டு ஜீபி இலவசம் என்று கம்பனி செய்தி.

"எங்களுக்கு எப்படித் தெரியும்? சத்தம் வந்துச்சு, கூப்பிட்டோம்," என்றாள் ஜீவராணி அக்கா. "ஆமா, அந்தப் பொதையல் கெடச்சா எனக்கு ஒரு மூக்குத்தியாச்சும் உண்டாடி?"

புதையல் தேடுகிறேன் என்று அவர்களிடம் சொன்னது நான்தான். அப்படிச் சொன்னால்தான் மதிப்பார்கள் என்று நினைத்தேன். அந்தப் பொய்க்குப் பிற்பாடு நன்றாக அனுபவித்தேன், அதைப் பிறகு சொல்கிறேன். அன்று சாயந்தரமே புதுப் பெட்டிச் செய்திக்கு மட்டும் சேவல் கூவுகிற சத்தத்தை வைத்தேன். மற்றச் செய்திகளை ஊமையாக்கினேன். "இனிமே கோழி கூவினா மட்டும் கூப்பிடுங்க," என்றேன்.

"வேல நேரத்துல மலையில என்னா கோழி?" என்று வீரய்யா கங்காணி கேட்டார். ஆனால் நிறுத்தவில்லை. அவருடைய காற்சட்டையும் நான் தைத்ததுதான்.

அதற்குப் பிறகு கோழி ஒரே ஒரு தரம் கூவியது, அது ஹாலி எலவில். நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் தாஸிம் நானா எழுதிவிட்டுப் போயிருந்தார். ஆனால் அவர் எழுதியிருந்த நேரத்தைப் பார்த்தால் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். முன்பு ஒரு வாரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு மணி நேரம். என் ஏற்பாடு சரிதான், பெட்டிதான் சரியான இடத்தில் வரவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

சந்தா முடிய நாலு நாள் இருந்தது. வியாழக்கிழமை. காலையில் கங்காணி பன்னிரண்டாம் நம்பர் என்றார். போனைக் கட்டி அனுப்பினேன். பத்து மணி இருக்கும், வெள்ளைச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். மடுவத்திலிருந்து குரல் வந்தது.

"யசோதினீ... கோழி கூவிருச்சாம்!"

சுண்ணாம்புக்கட்டி கையிலிருந்தபடியே ஓடினேன். பாதையில் போகாமல் தண்ணீர் ஓடும் கான் ஓரமாகக் குறுக்கே ஏறினேன். காலில் அட்டை ஏறியதைக்கூடப் பார்க்கவில்லை. மேலே போய் அம்மாவின் இடுப்பிலிருந்து பையை உருவி, போனைத் திறந்தேன். எல்லயில் தங்கியிருக்கும் ஒரு ஜெர்மன்காரி புதிதாக ஒரு பெட்டி வைத்திருந்தாள். இடம், ஊசிமலைத் தோட்டம். அம்புக்குறி இருநூற்றுப் பத்து மீட்டர் என்றது.

எங்கள் மலை! நாங்கள் நிற்கிற அதே மலை! எனக்குச் சிரிப்பு வந்தது. தாஸிம் நானா கடையை யாரிடமோ கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் இந்நேரம் பாதி வழி வந்திருப்பார். தோட்டத்துக் குழிப் பாதையில் ஏறி வர இன்னும் இருபது நிமிஷமாவது ஆகும். எனக்கு இரண்டு நிமிஷம் போதும்.

அம்புக்குறி என்னைக் கவ்வாத்து வெட்டிய பக்கத்துக்குக் கொண்டு போனது. போன சனிக்கிழமைதான் அங்கே செடிகளைக் கட்டையாக வெட்டிவிடும் கவ்வாத்து தொடங்கியிருந்தது. செடிகள் முழங்காலுக்குக் கீழே மொட்டையாக நின்றன. நடுவில் இரண்டாகப் பிளந்த பெரிய பாறை. அதன் முன்னால் போய் நின்றதும் போன் பூஜ்யம் என்றது.

பாறையின் பிளவில் கையை விட்டேன். இல்லை. சுற்றிவரக் கிடந்த கல்லையெல்லாம் புரட்டினேன். இல்லை. வெட்டிப் போட்ட கிளை வாதுகளை அள்ளி எறிந்து பார்த்தேன். தேள்தான் ஓடியது. ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. பத்தொன்பது பெட்டி கண்டுபிடித்தவளுக்குத் தன் சொந்த மலையில் ஒரு பெட்டி தெரியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

கீழே மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றது.

"தங்கச்சி முந்திட்டீங்களா?" தாஸிம் நானா ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஏறி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். "இல்லையே. இன்னம் கெடைக்கல்ல போல ஈக்கே."

"தேடுங்க நானா. மலை பெருசு," என்றேன்.

அவர் முறையாகத் தேடுகிறவர். பாறையின் ஒரு மூலையிலிருந்து தொடங்கி விரல்விரலாகத் தடவிக்கொண்டு வந்தார். பிளவுக்குள் டோர்ச் அடித்தார். கடைசியில் அவரும் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "இங்க வச்ச தடம் ஈக்கிது. கல்லு அடுக்கின மாதிரி. ஆனா பெட்டி இல்ல. யாரோ எடுத்துட்டாங்க, தங்கச்சி."

அந்த நேரம் தேத்தண்ணீர்க் குடுவையோடு அம்மா வந்தாள். நான் பாறையைச் சுற்றிச் சுற்றி வருவதை அவள் நிறையிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

"என்னாத்தடி தேடுறீங்க ரெண்டு பேரும்?"

"ஒரு டப்பாம்மா. இந்தப் பாறையில ஒரு டப்பா இருக்கணும்."

"பச்ச டப்பாவா? வெள்ள மூடி போட்டது?"

நானும் தாஸிம் நானாவும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தோம்.

"நீ பார்த்தியா? எங்கம்மா?"

அம்மாவின் பார்வை மேட்டுப் பக்கம் போனது. பாறைக்கு மேலே இருபதடி தள்ளிக் கவ்வாத்துச்சாமி இருக்கிறது. மூன்று கல், ஒரு சூலம், அவ்வளவுதான். கவ்வாத்து வெட்டத் தொடங்கும் முன் கத்தியை வைத்துக் கும்பிடுகிற சாமி. நடுக் கல்லின் காலடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. குங்குமம் வைத்து, மேலே படையலாக ஒரு தேசிக்காய்.

நான் ஒரு அடி எடுத்து வைத்தேன். தாஸிம் நானாவும் ஒரு அடி எடுத்து வைத்தார்.

"நில்லுங்க!" அம்மா போட்ட சத்தத்தில் மலையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அத ஒருத்தரும் தொடக் கூடாது. அது நேர்த்தி வச்சது."

"யாரு வச்ச நேர்த்தி?"

"போன வெள்ளிக்கிழம ஒரு வெள்ளக்காரப் புள்ள வந்துச்சு. தனியா. இந்தப் பாறைய மூணு தரம் சுத்துச்சு. நான் என் கண்ணால பார்த்தேன். அப்புறம் ரெண்டு கையிலயும் போன ஏந்திக்கிட்டு, வானத்தப் பார்த்துக்கிட்டு, ரொம்ப நேரம் அசையாம நின்னுச்சு. கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சு. மண்டி போட்டு அந்த டப்பாவ உள்ள வச்சு, கல்ல அடுக்கி மூடிட்டு, ரெண்டு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டுப் போச்சு. நேர்த்தி இல்லாம வேற என்னா?"

தாஸிம் நானா தரையைப் பார்த்தார். சிரிப்பை அடக்கினார் என்று தோள் குலுங்கியதில் தெரிந்தது. இடத்தின் கணக்கைச் சரியாக எடுக்க நாங்கள் எல்லோரும் அப்படித்தான் நிற்போம். போனை ஏந்திக்கொண்டு, சுற்றிச் சுற்றி வந்து, வானத்தைப் பார்த்துக்கொண்டு. நான்கூட எத்தனையோ தரம் அப்படி நின்றிருக்கிறேன். தூரத்திலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரியும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"மறுநா கவ்வாத்து ஆளுங்க வாராங்கன்னு கங்காணி சொன்னாரு," என்று அம்மா தொடர்ந்தாள். "வாத வெட்டி அது மேல போட்டு மிதிச்சுருவாங்க. அடுத்தவங்க நேர்த்திய மிதிக்க விடலாமா? அதான் நானே எடுத்துச் சாமி காலடியில வச்சேன். பூச போட்டப்ப அதுக்கும் குங்குமம் வச்சோம். பாவம், புள்ள வரம் கேட்டிருப்பான்னு ஜீவராணி சொன்னா. நாங்க எல்லாரும் அவளுக்காகக் கும்பிட்டோம்."

பூசை அன்று ராத்திரி பிரசாதத் தேங்காயை என் மெஷின்மேல் வைத்துவிட்டு அம்மா ஏதோ சொன்னாள். சாமிக்குப் பக்கத்தில் இப்போது இன்னொன்றும் இருக்கிறது என்ற மாதிரி ஏதோ. துணிக்கு அளவு போட்டுக்கொண்டிருந்த நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

"ஏம்மா எங்கிட்ட இத வெவரமாச் சொல்லல?"

"நீ பொதையல்தானேடி தேடுற? பிளாஸ்டிக் டப்பாவா தேடுற?"

நான் சொன்ன பொய் நேராக என் முகத்தில் வந்து அடித்தது. புதையல் என்று சொன்னால் தங்கத்தைத்தான் நினைப்பார்கள், பச்சை டப்பாவை யார் நினைப்பார்கள்? ஆறு நாள் அந்தப் பெட்டி என் அம்மாவின் காவலில் இருந்திருக்கிறது. நான் கீழே உட்கார்ந்துகொண்டு கோழி எப்போது கூவும் என்று காத்திருந்திருக்கிறேன்.

போனை எடுத்து அம்மாவின் பக்கத்தில் நின்றேன். "இது நேர்த்தி இல்லம்மா. வெளாட்டு. அவளே எழுதியிருக்கா, படிக்கிறேன் கேளு." அவளுடைய இணையப் பக்கத்தைத் தமிழாக்கி வாசித்தேன். இந்தப் பெட்டியைக் கண்டுபிடிக்கிறவர் யாராக இருந்தாலும் திறக்கலாம். உங்கள் பெயரை எழுதுங்கள். பிறகு வருகிறவருக்காக மறுபடியும் வையுங்கள்.

"அவளே எழுதுனதா?"

"அவளே."

"அப்ப அவ புள்ள கேக்கலயா?"

"இல்லம்மா."

அம்மா டப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். ஆறு நாளாக முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கும்பிட்டவளுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அவளைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. தாஸிம் நானா இருந்ததால் செய்யவில்லை.

"சரி," என்றாள் கடைசியில். "நல்லா இருக்கட்டும். செருப்பக் கழட்டிட்டு வாங்க. நீங்களும்தான் தம்பி, சப்பாத்தக் கழட்டுங்க."

தாஸிம் நானா சப்பாத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டு இரண்டடி பின்னாலேயே நின்றுகொண்டார். அம்மா தேசிக்காயை எடுத்துக் கல்லின்மேல் வைத்தாள். முந்தானையால் பெட்டியைத் துடைத்து, கும்பிட்டுவிட்டு, தானே மூடியைத் திறந்தாள். உள்ளே ஒரு பென்சில்கூட இல்லை. பொலித்தீனில் சுற்றிய சின்னப் புத்தகம் மட்டும். திறந்தால் வெள்ளை வெளேரென்று முதல் பக்கம்.

என்னிடம் எழுத எதுவும் இல்லை. கையில் இருந்தது தையல்காரச் சுண்ணாம்புக்கட்டி. மூன்று மாதம் திட்டம் போட்டவள் பேனை கொண்டுவர மறந்திருந்தேன்.

தாஸிம் நானா சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து நீட்டினார். "ஒளிச்சு வச்ச எடத்துல நான் தேடிட்டேன், கெடைக்கல்ல. இது ஒங்கட வீட்டால கெடைச்சது. எழுதுங்க."

பேனையை வாங்கினேன். புத்தகத்தை முழங்காலில் வைத்து முதல் வரியில் முனையைக் கொண்டுபோனேன். இதுதான் நான் ஆசைப்பட்ட வரி. யசோதினி, ஊசிமலை. எத்தனை தரம் மனசுக்குள் எழுதிப் பார்த்திருக்கிறேன்! தாஸிம் நானாவின் பேனையாலேயே, அவர் கண்ணெதிரிலேயே.

எழுத முடியவில்லை. ஏனென்றால் கண்டுபிடித்தது நான் இல்லை. சந்தாவும் அம்புக்குறியும் சேவல் சத்தமும் இல்லாமல் ஒருத்தி ஆறு நாளைக்கு முன்பே கண்டுபிடித்து, மழையில் நனையாமல், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நாற்பத்து மூன்றாவது படத்தில் நிற்கிறவள். அந்த வரியை விட்டுக்கொடுக்க எனக்கு வலித்தது, அதை மறைக்க மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதினேன்.

"மாரியாயி, ஊசிமலைத் தோட்டம்."

"என்னாடி, என் பேர எழுதுற?"

"நீதானே மொதல்ல பார்த்த."

"உன் பேரு?"

"அடுத்த வரி."

அம்மா குனிந்து புத்தகத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாகவே வாசிக்கத் தெரியும், கண்ணாடிதான் இல்லை. புத்தகத்தைத் தூரமாகப் பிடித்து வாசித்தாள். பிறகு விரலை ஒரு இடத்தில் வைத்தாள்.

"இது என்னா தேதி?"

"இன்னிக்குத் தேதி."

"இன்னிக்கா நான் பார்த்தேன்?" அம்மாவின் குரல் கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்கிற குரலாக மாறிவிட்டது, ஒரு கிலோ குறைத்துப் போட்டால் வருமே அந்தக் குரல். "வெட்டிட்டு வெள்ளிக்கிழமனு போடு. அன்னிக்குத்தான் பார்த்தேன்."

வெட்டிவிட்டு வெள்ளிக்கிழமை என்று போட்டேன். பெட்டி உலகத்துக்கு வெளியாவதற்கு ஆறு நாளைக்கு முந்திய தேதி. இரண்டாவது வரியில் என் பெயர். மூன்றாவது வரியில் தாஸிம் நானா எழுதினார். சிரிப்பு முகத்தைப் போட்டார், ஆனால் இந்தத் தடவை உண்மையாகவே சிரித்துக்கொண்டு போட்டார். "இப்பிடி ஒரு தேதி நான் எந்தப் பொத்தகத்திலயும் கண்டதில்ல," என்றார். பெட்டியைப் பாறைப் பிளவில் பழையபடி வைத்து, அம்மா சொன்னபடி கல்லை அடுக்கினோம்.

அன்று சாயந்தரம் தண்ணீர்த் தொட்டி மேட்டில் உட்கார்ந்து இரண்டு வேலை செய்தேன். ஒன்று, பிடித்து வைத்திருந்த அந்த முதல் வரியின் படத்தைப் புதுப் பெட்டியின் இணையப் பக்கத்தில் போட்டேன். இரண்டு, பழைய பெட்டியின் நாற்பத்து மூன்றாவது படத்தின் கீழே எழுதினேன். "இவர் பெயர் மாரியாயி. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்."

ஜெர்மன்காரி மறுநாளே கேட்டு எழுதியிருந்தாள். தான் பெட்டி வைத்த அன்றே எப்படிக் கண்டுபிடித்தார்கள், அப்போது அது வெளியாகவே இல்லையே என்று. நடந்ததை எழுதினேன். பிள்ளை வரத்தையும் விடாமல் எழுதினேன். அவள் நிறையச் சிரிப்பு அனுப்பியிருந்தாள். கடைசியில், கும்பிட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லும்படி ஒரு வரி.

ஞாயிற்றுக்கிழமை சந்தா முடிந்தது. நான் கவலைப்படவில்லை. திங்கட்கிழமை காலையில் பெரட்டுக்களத்துக்குப் போய் எல்லோருக்கும் உண்மையைச் சொன்னேன். தங்கம் கிடையாது, பெட்டிதான், பெட்டிக்குள் பெயர்தான் என்று. ஜீவராணி அக்காவுக்கு மூக்குத்தி போன வருத்தம். "அப்ப அடுத்ததுல என் பேரையும் எழுதுவியா?" என்று கேட்டாள். எழுதுகிறேன் என்றேன். எல்லோரும் ஏதோ யோசித்துக்கொண்டு மலைக்குப் போனார்கள்.

பத்து நாள் இருக்கும். மெஷினில் உட்கார்ந்திருந்தேன். போன் என் பக்கத்திலேயே, டோர்ச் லைட்டாகக் கிடந்தது. அதில் ஒரு செய்தியும் இல்லை. இணையத்தில் ஏதாவது பெட்டி வெளியாகியிருந்தாலும் எனக்குத் தெரிய வழியில்லை. அன்று அம்மாவின் ஆட்கள் ஒன்பதாம் நம்பர் மலையில் இருந்தார்கள், அங்கே நாலு கோடும் இல்லை, ஒரு கோடும் இல்லை. ஆனாலும் மடுவத்திலிருந்து குரல் வந்தது.

"யசோதினீ... கோழி கூவிருச்சாம்! ஒன்பதாம் நம்பர்ல ஒருத்தன் போன ஏந்திக்கிட்டு வானத்தப் பார்த்துக்கிட்டு நிக்கிறானாம், கையில ஒரு டப்பாவாம்!"

கத்தரிக்கோலை வைத்துவிட்டு எழுந்தேன். இந்தத் தடவை பேனையை எடுத்துக்கொண்டேன்.